கிட்னி தருவார்... ஊசிக்குக் கை நீட்டமாட்டார்!

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு ஊசியால் பெரிய ரகளை. ஊசி எனக்கல்ல — என் அண்ணனுக்கு!

எனக்குக் கிட்னி மாற்றி இரண்டு வருஷமாகிறது. புது கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, மாத்திரை கொடுத்து எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் நாலு நாள் மூக்கொழுகலோடு போகிற ஃப்ளூ, என்னை ஐசியூ வரை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் வருஷா வருஷம் தடுப்பூசி. "உங்க உடம்புல அது முழுசா வேலை செய்யும்னு சொல்ல முடியாது. கூட இருக்கிற எல்லாரும் போட்டுக்கணும்" என்றார் டாக்டர்.

மனைவியும் மகளும் போட்டுக்கொண்டார்கள். மாடியில் குடியிருக்கும் அண்ணன்? கருங்கல் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்து, கம்பியும் கடப்பாரையும் விற்கிற மனுஷர். "எனக்கு எதுக்குலே ஊசி? எனக்கு சளியே பிடிக்காதுல்லா!" என்றுவிட்டார்.

இதே அண்ணன்தான் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க மார்பில் அடித்துக்கொண்டு, "எனக்க கிட்னிய எடுத்துக்க மக்கா!" என்று அழுதவர். டெஸ்டுக்குக் கூப்பிட்ட அன்றைக்கென்று பார்த்துக் கடையில் லோடு வந்து இறங்கிவிட்டது... என்ன செய்வார், பாவம்! கடைசியில் கொடுத்தது என் மனைவி.

சளியே பிடிக்காத அந்த அண்ணன் ஒருநாள் லொக் லொக்கென்று இருமிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார். சட்டென்று மாஸ்க்கை மாட்டினேன். அவ்வளவுதான்!

"கூடப்பிறந்தவனுக்க முன்னால மாஸ்க் போடுதியா? நான் என்ன வழியில போறவனா?"

கேட்டபடியே இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். நம் ஊரில் பாசத்துக்கு இடைவெளி ஆகாதே! தம்பி ஐசியூவுக்குப் போனாலும் பரவாயில்லை, அண்ணனுக்கு மரியாதை குறையக் கூடாது. எனக்கோ எழுந்து போகத் தைரியமில்லை.

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அத்தான், அவருக்க உள்ள இருக்கது எனக்க கிட்னியாக்கும். அதுக்க பக்கத்துல இருந்து இருமாதீங்க. மாடிக்குப் போங்க."

போனார். உடனே டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி கேட்டேன். நல்லவேளை, தப்பித்தேன். இருமல் நின்றதும் அண்ணன் ஊசியும் போட்டுக்கொண்டார் — வேறு வழி?

ஊசி என்னவோ எறும்பு கடித்த மாதிரிதான். ஆனால் அண்ணனுக்குக் கையைத் தூக்க முடியவில்லையாம். கடைக்கு லீவு விட்டுப் படுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு வந்து விசாரிக்கிறார்கள். கிட்னியைக் கொடுத்துவிட்டுக் கிடந்தவளைப் பார்க்க வந்தவர்கள்கூட அன்று என்னைத்தான் விசாரித்தார்கள்! இப்போது நான் மாஸ்க்கோடு வாசலில் நின்று, "இருமல் இருக்கா? ஊசி போட்டாச்சா?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன். முறைத்துக்கொண்டே மாடியேறுகிறார்கள்.

அவர்கள் கொண்டுவந்த ஆப்பிளை உள்ளே அண்ணனுக்காக நறுக்கிக்கொண்டிருப்பது யார் என்கிறீர்கள்?

கிட்னி கொடுத்தவள்தான்.