பூண்டு என்று அழைத்தவர்கள்

கவுஞ்சியில் பஸ் நிற்கிறது. மூடுபனி இன்னும் விலகவில்லை. சாலையோரக் கடையில் மலைப்பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்குகிறது. உள்ளே பட்டாள உடுப்பில் ஓர் இளைஞனின் படம். படம் மாட்டிய ஆணியிலும் ஒரு பூண்டுக் கட்டு. எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

“படத்துல எதுக்குங்க பூண்டு?”

“என் வீட்டுக்காரருங்க,” என்கிறார் கடைக்கார அம்மா. “எல்லைச் சண்டையில போயிட்டாரு. லீவு முடிஞ்சு போறப்ப ஒரு கட்டு கொண்டு போவாரு. கெட்டுப்போகாம இருக்க, இங்க நாங்க அடுப்புப் புகை படக் கட்டுற மாதிரியே, பதுங்குகுழி அடுப்புக்கு மேல தொங்க விடுவாராம். குழி பூரா நெடி. அதனால கூட இருந்தவங்க வச்ச பேரு பூண்டு.”

“அந்தப் பேரை உங்ககிட்டச் சொல்லியிருக்காரா?”

“இல்லைங்க. சவப்பெட்டியை எறக்குறப்ப கூட வந்த அந்தப் பட்டாளத்துப் பசங்க ‘பூண்டு, பூண்டு’ன்னு கதறுறாங்க. வேற யாரையோ வீடு மாத்திக் கொண்டாந்துட்டாங்கன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன்.”

பஸ் ஹாரன் அடிக்கிறது.

“வெரசா சொல்லுங்க, என்ன வேணும்?”

அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. தொங்கும் கட்டை விரலால் காட்டுகிறேன்.