அக்காவுக்காக மாற்றிய பக்கம்

நோர்வேயின் பேர்கன் நகரில் என் திரையை எட்டிப் பார்க்கும் சக ஊழியர் யாராவது "இக்கே டும்ட்" என்றால் என் கண் இன்றும் ஒரு கணம் பிழையைத் தேடும். முட்டாள்தனமாக இல்லை என்பது அதன் நேர்ப்பொருள். வந்த புதிதில், எங்கே பிழை விட்டேன் என்று ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் குழம்பிப் போனார். "பிழையா? நன்றாக இருக்கிறது என்றல்லவா சொன்னேன்?"

வெப்சைட்டுகளின் முகத்தை மாற்றியமைப்பது என் தொழில். ஓய்விலும் அதே கிறுக்குத்தான். உலகமே பார்க்கும் பெரிய தளங்களை, நானே எழுதிய சின்னச் செயலிகளை உலாவியில் பொருத்தி, என் திரையில் மட்டும் என் விருப்பத்துக்குத் திருத்தி வைத்துக்கொள்வேன். விளம்பரம், சிவப்புப் புள்ளி, ஓடும் படம் எல்லாவற்றையும் களைந்து, வெறுமையாக விடுவதே அழகு என்று இந்த நாட்டில்தான் கற்றேன்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் சாம்பல்தீவில் இருக்கும் என் அக்கா, சமூக வலைத்தளத்தில் நான் போடும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஏதாவது எழுதுவார். திடீரென்று அது நின்றது. கோபமாக்கும் என்று நினைத்தேன். தொலைபேசி எடுத்தபோது அத்தான்தான் கதைத்தார்.

"கோவமில்லைத் தம்பி. சீனி வருத்தம் கண்ணில பிடிச்சிட்டுது. நடுவில கறுப்பாய் ஒரு பொட்டு நிக்குதாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவ." சீனி வருத்தம் என்று அவர் சொன்னது நீரிழிவை.

சண்டைக் காலத்தில் என் அழைப்பை எடுப்பதற்காக, சோதனைச்சாவடியில் இறங்கி ஏறி, திருகோணமலை டவுனிலிருந்த தொலைபேசிக் கடை வரை சைக்கிள் மிதித்து வந்தவர் அக்கா. லைன் கிடைக்காத நாட்களில் காத்திருந்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறார். இப்போது என்னை எட்ட ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அந்தப் பட்டன் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த வார இறுதியிலேயே அக்காவுக்கென்று ஒரு செயலி எழுதினேன். கறுப்புப் பின்னணி, பெரிய மஞ்சள் எழுத்து, குடும்பத்தாரின் படங்கள் மட்டும். வேறொன்றும் இல்லை. தூரத்திலிருந்தே அவருடைய லப்டொப்பில் அதைப் பொருத்திவிட்டு, எப்படி என்று கேட்டேன்.

"எழுத்து நல்லாத் தெரியுது," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சனத்தையெல்லாம் எங்க விட்டனி?" என்றார்.

"எந்தச் சனம் அக்கா?"

"இறக்கக்கண்டியில ஆரோ பிள்ளைக்குப் பிறந்தநாள் எண்டு போட்டிருப்பினம். கிண்ணியாவில ஆரோ மீன் விக்க வந்திருக்கு எண்டுவினம். கீழ நாலு பேர் சண்டை பிடிப்பினம். எனக்குத் தனிய றோட்டுக்கு இறங்க ஏலாது தம்பி. இதுதான் என்ர றோட்டு."

நான் அழகென்று துடைத்தெறிந்தது அவருடைய ஊரை. எல்லோரையும் திருப்பி அழைத்து வந்தேன், சண்டைக்காரர் உட்பட. எழுத்துகளைப் பெருப்பித்தேன். மூலையில் விரலளவில் ஒரு பட்டன் வைத்தேன். அதைத் தொட்டால் எழுதியிருப்பதை ஒரு குரல் வாசிக்கும்.

மறுநாள் வீடியோவில் வந்து என்னோடு கதைத்தபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய திரையும் மூலையில் அவர் முகமும் என் திரையின் ஒரு பாதியில் தெரிந்தன. மறுபாதியில் நோர்வேக்காரர் ஒருவருக்கு நான் செய்துகொண்டிருந்த வெண்ணிறப் பக்கம். அக்காவின் அம்புக்குறி ஆட்களுக்குள்ளால் மெல்ல நடந்து ஒரு படத்தில் நின்றது.

"ஆர் இது, பனிக்குள்ள நிக்கிற வெள்ளைக்காரன்?"

"நான்தான் அக்கா."

நடுவில் நிற்கும் கறுப்புப் பொட்டைத் தவிர்த்து என்னைச் சரியாகப் பார்ப்பதற்காக முகத்தை மெதுவாக அப்பால் திருப்பினார். கடைக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார்.

"ஓம்," என்றார். "நீதான்."