வாத்தியாரம்மாவும் வாத்துப்படையும்

துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்மூடியைக் கழற்றி, அறுந்த பெல்ட்டை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, செல்போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். தனியாகச் சிரிப்பது போதவில்லை போலிருக்கிறது.

"இதைப் பாருப்பா. நாட்டைக் காப்பாத்தப் போற கூட்டமாம் இது!" என்று திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ஒரு நீச்சல் குளத்தின் கரை. முழுச் சீருடையும் கனத்த பூட்ஸும் போட்ட பையன்களும் பெண்களும் குந்தியபடியே, கைகளை விலாவோடு மடக்கிச் சிறகடித்து, 'குவாக் குவாக்' என்று வரிசையாக நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால், அத்தனை பேரையும்விட உரக்கக் கத்திக்கொண்டு போன தலைமை வாத்து, என் மனைவி.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. அது என் வீட்டுக்காரி."

அவர் செல்போனை மடியில் கவிழ்த்துக்கொண்டார். அதன் பிறகு வேலை முடியும்வரை என்னை 'சார்' என்றே கூப்பிட்டார்.

என் மனைவி கடற்படைப் பயிற்சித் தளத்தில் தண்ணீர்ப் பாடம் எடுக்கிறவள். கடற்படையில் சேருகிறவர்கள் எல்லாம் மீன்குஞ்சுகள் என்று வெளியே நினைப்பார்கள். பாதிப் பேருக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முகம் வெளுத்துவிடும். அவர்களை உயரமான பலகையில் ஏற்றி, பூட்ஸோடு குதிக்கவைத்து, உயிரோடு கரையேறவும் கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளைகள் அவளை 'வாத்தியாரம்மா' என்பார்கள். அந்த வீடியோ ஊரைச் சுற்றிவந்த பிறகு உலகம் அதை 'வாத்தம்மா' என்று வெட்டிவிட்டது. கடற்படைக்கு 'வாத்துப்படை' என்று பேராயிற்று.

அந்த வாத்து நடைக்கு ஒரு காரணம் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எருமைக்கடா மாதிரி உடம்புள்ள ஒருவன் பலகையில் நின்றான். கீழே இருந்த பயிற்றுநர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கல் மாதிரி விறைத்துப்போய்க் குதித்தான், கல் மாதிரியே அடிக்குப் போனான். என் மனைவிதான் இழுத்து வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் படையை விட்டுப் போய்விட்டான்.

"பயம் அவனை முக்கலை," என்று அவள் அடிக்கடி சொல்வாள். "பயந்ததை வெளிய சொல்ல வெக்கப்பட்டான் பாரு, அந்த வெக்கம்தான் முக்கிச்சு. பத்துப் பேர் முன்னாடி வாத்து மாதிரி கத்தினவனுக்கு அப்புறம் போறதுக்கு மானம்னு என்ன மிச்சம் இருக்கு? 'அம்மா, எனக்குக் கால் நடுங்குது'ன்னு தாராளமா சொல்லுவான். சொல்லிட்டான்னா போதும், நான் பாத்துக்குவேன்."

இதெல்லாம் வீடியோவில் இல்லை. சிறகடிப்பது மட்டும்தான் இருந்தது.

முதலில் வீட்டுக்கு வந்தவர் என் மச்சான், அவளுடைய அண்ணன். அவரும் கடற்படைக்காரர்தான். கப்பலில் இழுவைக்கயிறு அறுந்து அடித்ததில் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இப்போது துறைமுக வாசலில், லாரிகளை எடை போடும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றார். எங்கள் மகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு மெல்ல உள்ளே நழுவினாள்.

"லாரிக்காரனுங்க என்னைப் பாத்து என்ன பண்றாங்க தெரியுமா? ஹாரன் அடிக்கிறதில்லை. குவாக் குவாக்னு கத்திட்டுப் போறானுங்க."

"உக்காருண்ணே," என்றாள் என் மனைவி.

"உக்கார வரலை. இந்தப் படைக்கு நான் கையைக் குடுத்தேன். நீ அதை சர்க்கஸ் கூடாரமா ஆக்கிட்டே."

"லாரிக்காரன் கத்தினா லாரிக்காரனைக் கேளு. நான் புள்ளைங்களை முங்காம காப்பாத்துறேன். அதுக்கு ஊரு சிரிக்குதுன்னா சிரிச்சுட்டுப் போகட்டும்."

"என் மூஞ்சிக்காகவாவது ஒரு வார்த்தை, தப்புன்னு சொல்லு."

அவள் அண்ணனுடைய வெறும் சட்டைக்கையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் கலங்கவில்லை. "உனக்காக அழச் சொல்லு, அழறேன். தப்பு பண்ணலை, அதைச் சொல்ல மாட்டேன்."

அவர் போய்விட்டார். கதவைச் சாத்தாமலே போனார். எங்கள் வீட்டுக்கு வருவதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்து தளபதி கூப்பிட்டு அனுப்பினார். அவளுடைய பதவிக்கு 'சீஃப்' என்று பேர். அந்த அறையில் நடந்ததை அவள் என்னிடம் சொன்னது இப்படி:

"சீஃப், ரெண்டே விஷயம். படம் எடுத்தது யாருன்னு சொல்லுங்க. அப்புறம் கேமரா முன்னாடி நின்னு, படையோட மதிப்பைக் குறைச்சதுக்கு வருந்துறேன்னு வாசிங்க. முடிஞ்சு போச்சு," என்றாராம் தளபதி. கெட்ட மனிதர் இல்லை. மேலேயிருந்து அவரையும் காய்ச்சியிருந்தார்கள்.

"என் குளத்துல நடந்ததுக்கு நான்தான் பொறுப்பு சார். யாரு எடுத்தாங்கன்னு சொல்லமாட்டேன்."

"தெரியாதா, சொல்லமாட்டீங்களா?"

"தெரியும். சொல்லமாட்டேன்."

"வருத்தமாவது தெரிவிக்கலாம்ல?"

"எதுக்கு சார்? போன தடவை வந்த புள்ளைங்கள்ல ஒருத்தர்கூட பலகையிலேருந்து திரும்பி இறங்கலை. அதுக்கா?"

அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. குளத்திலிருந்து மாற்றி, உயிர்காப்புச் சட்டைகள் வைக்கும் கிடங்குக்குப் போட்டார்கள். தளத்தின் வெளிவாசலை ஒட்டி, ரப்பர் வாடை அடிக்கும் தகரக் கொட்டகை. சட்டை சட்டையாக எடுத்து, காற்றடைத்து, ஓட்டை பார்த்து, மடித்து வைக்க வேண்டும்.

"கோவிச்சுக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"கோவமா? கொதிக்கிறேன். ஆனா ஓட்டைச் சட்டை ஒண்ணுகூட என் கையைத் தாண்டிப் போகாது. நான் சரியில்லைன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு சாக்குக் குடுப்பேனா?"

பிறகுதான் காற்று திசை மாறியது. சிரித்த கூட்டத்துக்கு நடுவில் வேறொரு கூட்டமும் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறது. படையில் சேர விண்ணப்பம் போடுகிறவர்கள் திடீரென்று கூடிவிட்டார்கள். பெண்கள் நிறைய. 'எனக்குத் தண்ணீர் என்றால் பயம், நானும் சேரலாமா' என்று கேட்டு எழுதியவர்களே எக்கச்சக்கமாம். நேற்றுவரை மானம் போயிற்று என்றவர்கள் இன்று மவுசு வந்தது என்றார்கள்.

விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி கிடங்குக்கே வந்தார். கூடவே கேமராக்காரர், ஒப்பனைப் பெட்டியோடு ஒரு பெண். மஞ்சள் அலகு வைத்த தொப்பிகள் ஒரு பை நிறைய இருந்தன. மதியச் சாப்பாட்டை அவள் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனதால், அதைக் கொடுக்கப்போன நான் அன்று வாசலில்தான் நின்றேன்.

"அதே நடை, அதே சத்தம், மேடம். வெளிச்சம் மட்டும் நாங்க பாத்துக்கறோம். இதை முடிச்சுட்டா உங்க குளம் உங்களுக்கு," என்றார் அதிகாரி, பழத்தை உரித்து வாயில் வைப்பதுபோல.

என் மனைவி ஒரு தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையாட்டிவிடு தாயே, திரும்பக் குளத்துக்குப் போய்விடலாம் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"எடுக்கலாம் சார். ஆனா முழுசா எடுக்கணும்," என்றாள். "குளத்துத் தண்ணியைக் குடிச்சு வாந்தி எடுக்கறதை எடுங்க. ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு அழறதை எடுங்க. துறைமுக வாசல்ல எங்கண்ணன் இருக்காரு, ஒரு கைதான் இருக்கும், அவரையும் நாலு வார்த்தை பேசவிடுங்க. கடைசியா வாத்தைப் போடுங்க."

அதிகாரி சிரித்துப் பார்த்தார். "அதைப் பாத்துட்டு யாரு மேடம் சேருவாங்க?"

"அதைப் பாத்தும் சேர்றவங்க சேருவாங்க. அவங்க போதும் எனக்கு. அழறதை ஒளிச்சுவெச்சு சிரிப்பை மட்டும் காட்டினா, அது புள்ளை புடிக்கிற வேலை. அதுக்கு என் குளம் கிடையாது." தொப்பியைப் பையிலேயே திருப்பிப் போட்டாள்.

"ஊரு சிரிச்சதுக்கு என்னைத் தண்டிச்சீங்க, சரி. இப்ப ஊரைச் சிரிக்கவைக்கச் சொல்லி லஞ்சம் குடுக்கறீங்க. ரெண்டும் வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். ஒளிப்பானேன்? "அப்படி என்ன வீம்பு உனக்கு? கொஞ்சம் வளைஞ்சு குடுத்தா ஒடிஞ்சா போயிடுவே?" என்றேன். "துவைக்கிற மெஷின்தான் யாரு எந்தத் துணியைப் போட்டாலும் சுத்தும். நான் மெஷின் இல்லை," என்றாள். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மகள்தான் எங்களுக்கு நடுவே தூது போனாள்.

அவள் குளத்துக்குத் திரும்பிப் போனது நியாயம் ஜெயித்ததால் அல்ல. அவள் இடத்துக்கு வந்தவருக்குக் கப்பலில் வேலை போட்டுவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த கூட்டமோ வாசலில் நிற்கிறது, வேறு ஆள் இல்லை. தளபதி ஒரே வரியில் உத்தரவு போட்டார். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. குளத்து வாசலில் செல்போன்களை வாங்கி வைக்க ஒரு மரப்பெட்டி மட்டும் புதிதாக வந்தது.

பயிற்சி முடியும் நாளில் குடும்பத்தாரைத் தளத்துக்குள் விடுவார்கள். இந்த முறை பெரிய அதிகாரிகளும் வருகிறார்கள், அந்தச் சத்தம் மட்டும் வேண்டாம் என்று தளபதி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். "தேவைப்படலைன்னா கத்த மாட்டோம் சார்," என்று இவள் பதில் சொல்லியிருந்தாள். நானும் மகளும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், என் மச்சான். மகள்தான் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள்.

ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கடைசியில் ஒரு ஒல்லிப் பெண் பலகையின் நுனியில் நின்றுவிட்டாள். காற்றில்லாத இடத்தில் அவள் கால்சட்டை மட்டும் படபடவென்று ஆடியது. பெரிய அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். தளபதி என் மனைவியைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையசைத்தார்.

என் மனைவி கரையில் குந்தினாள். கைகளை மடக்கினாள். அத்தனை நட்சத்திரங்களும் பட்டைகளும் பார்த்துக்கொண்டிருக்க, அடிவயிற்றிலிருந்து "குவாக்!" என்றாள். நனைந்த உடம்போடு நின்ற பிள்ளைகள் எல்லாம் குந்திவிட்டார்கள். குளம் முழுக்க ஒரே வாத்துச் சத்தம். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். மேலே நின்ற பெண், அழுதுகொண்டே, "அம்மா, பயமா இருக்கு!" என்று கத்தினாள்.

"எனக்குக் கேட்டுடுச்சு! நான் கீழதான் இருக்கேன், வா!"

அவள் வந்தாள். குவாக் என்று கத்திக்கொண்டே வந்தாள். தண்ணீர் பெரிய அதிகாரிகளின் பூட்ஸ்வரை தெறித்தது.

பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்து திரும்பினேன். மச்சான். "மாப்ளே, அந்தப் பலகையில நான் நின்னப்போ எனக்கும் இப்படித்தான் கால் ஆடிச்சு," என்றார் குளத்தைப் பார்த்தபடி. "இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

அந்தப் பெண்ணைக் கரையேற்றிவிட்டு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு என் மனைவி வந்தாள். அண்ணனைப் பார்த்து நின்றாள்.

"எனக்கு இது இன்னும் புடிக்கலை, பாத்துக்க," என்றார் அவர்.

"புடிக்க வேணாம்ணே. அடுத்த தடவை முன் வரிசையில உக்காரு. தூணுக்குப் பின்னாடி என்ன தெரியும்?"

தளபதி கூப்பிடுகிறார் என்று ஒரு மாலுமி ஓடி வந்தான். "தலையைத் துவட்டிட்டு வர்றேன்னு சொல்லு," என்று அவள் நிதானமாகத் துண்டை உதறினாள்.