சிவநேசன் அண்ணை கேட்ட வெள்ளைத் தட்டு

எங்கள் பேஸ்போல் மைதானத்தைக் கட்டடக்காரர்களுக்கு விற்றவர் எங்கள் கழகத் தலைவர். விற்றுவிட்டு எங்களிடம் பொய் சொன்னவரும் அவரே.

சிவநேசன் அண்ணை இறந்த செய்தி வந்தபோது ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு விருந்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி கமலா அக்கா எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். "அண்ணை மோசம் போயிட்டார் தம்பி," என்றார். அழுது முடித்துவிட்டு, "அந்தத் தலைவர் கடைசிவரைக்கும் தட்டைத் தரேல்லை," என்றார். எந்தத் தட்டு என்று அங்கே விளையாடியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: பந்தை அடிக்க நிற்பவரின் காலடியில் பதித்திருக்கும் வெள்ளை ரப்பர் தட்டு. ஓடி முடிப்பவர் கடைசியாக மிதிப்பதும் அதைத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படையினர் ஒரு தொழிற்சாலையின் இடிபாடுகளை மட்டம் செய்து, ஜெர்மனியின் தெற்கிலுள்ள எங்கள் நகரின் நடுவில் அந்த மைதானத்தை அமைத்தார்கள். அவர்கள் போனபின் நகரசபை அதைப் புல் முளைக்க விட்டது. புல்லை வெட்டி, பார்வையாளர் மரமேடைக்குப் பலகை அடித்து அதை உயிரோடு வைத்தவர்கள் எங்களைப்போல அகதிகளாக வந்தவர்கள். பிறகு நகரசபை அதைக் கழகத்துக்கே எழுதிக் கொடுத்தது.

ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணை அதுவரை கிரிக்கெட்தான் ஆடியிருந்தார். முதல் ஆட்டத்தில் பந்தை அடித்துவிட்டு, கிரிக்கெட்டில்போல மட்டையோடு ஓடி, ஓட்டத்தில் முதலில் மிதிக்கவேண்டிய தளத்தை மட்டையால் தொட்டார். காலால் தொடாததால் ஆட்டமிழந்தார். மேடை முழுக்கச் சிரிப்பு. "மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறது விளையாட்டோ? அது களவெடுத்தவன் ஓடுற ஓட்டம்," என்றார். அதன்பின் ஒவ்வொரு பருவத்தின் கடைசி ஆட்டத்திலும் எங்கள் அணி மட்டையோடுதான் ஓடியது. ஜெர்மன்காரர்களும் ஓடினார்கள்.

கடைசிக் கோடையில் தலைவர் மேடைக்குப் பச்சை வர்ணம் பூசச் சொன்னார். திருத்தவேலை தொடங்குகிறது என்றார். அண்ணை லீவு போட்டுப் பூசினார், நாங்களும் பூசினோம். விற்பனைப் பத்திரத்தில் அதற்கு முன்பே கையெழுத்து விழுந்திருந்தது. இலை உதிரும் காலத்தில் இயந்திரம் வந்து எங்கள் பச்சைப் பலகைகளை நொறுக்கியது. முதல்நாளே தலைவர் தட்டைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார். இன்று அந்த இடத்தில் எழுந்த வீடுகளில் ஒன்று அவருடையது. தட்டு அதன் சுவரில் தொங்குகிறது.

அண்ணை போய்க் கேட்டார். கழகத்துக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதுங்கள் என்று தலைவர் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அண்ணை தலைவர் வீட்டுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார். தலைவர் வெளியே வந்ததும் நடுவரைப்போலக் கையை உயர்த்தி, "அவுட்!" என்பார். பொலிஸ் வந்து விசாரித்தது. அந்தச் சொல்லில் குற்றம் எதுவும் அகப்படவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணை என்று நான் ஒருமுறை சொன்னேன். "மன்னிக்கிறது கடவுளின்ர வேலை. எனக்குத் தொழிற்சாலை வேலையே கூடிப்போச்சு," என்றார்.

தகனச் சாலைக்குத் தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். அண்ணை மட்டையோடு ஓடிய கதையைத் தன் பேச்சில் சொல்லிச் சிரித்தார். கமலா அக்கா மலர்வளையத்தைத் தூக்கி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவருடைய கோபம். அதை ஆறவிடமாட்டேன். இனிச் சனிக்கிழமைகளில் அந்த நடைபாதையில் நான் நிற்பேன்.

அன்று தகனச் சாலை வாசலில் கமலா அக்கா தலைவரிடம் எல்லோருக்கும் கேட்க ஜெர்மனில் சொன்னார்: "தட்டைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். அவருடைய சாம்பலோடு புதைக்க வேண்டும்."

தலைவர் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.