ரேடியோவில் சௌகத் பாய்

பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் சௌகத் அலிக்கு ஐம்பத்து நாலு வயதில் குட்டி விமானம் ஓட்டும் கிறுக்குப் பிடித்தது. மனைவி காதர் பீவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஸ்கூட்டர ஒழுங்கா நிறுத்தத் தெரியல. இவரு ஏரோப்பிளேன் ஓட்டப் போறாராம்!"

லைசன்ஸ் என்ன, கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிடுவார்களா? டாக்டர் கண், காது, நெஞ்சு எல்லாவற்றையும் குடைந்து பார்த்தார். தொப்பையை மட்டும் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டார். அப்புறம் வானிலை, சட்டதிட்டம், வரைபடம் என்று வரிசையாகப் பரீட்சை. மனிதர் பிரியாணி அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துத் தொலைத்தார். வெளியூர்ப் பள்ளியில் வாத்தியாரோடு பறந்தும் பழகியாயிற்று. தனியாகப் பறக்க விடுவதற்கு ரேடியோப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

கன்ட்ரோல் அறையிலிருந்து சொல்வதை வார்த்தை பிசகாமல் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அரிசியே உலையில் விழாதபோதும், "பிரியாணி என்னாச்சு பாய்?" என்று கேட்டால் "வருது, வருது!" என்று முப்பது வருடம் பழகிய வாய் ஆயிற்றே! "ரன்வேக்கு முன்னால் நில்" என்றார் பரீட்சை அதிகாரி. படித்த இங்கிலீஷெல்லாம் காற்றில் போக, "வருது சார், வருது!" என்றார் சௌகத் அலி. ஃபெயில்.

இன்னொரு தடவை கோட்டைவிட்டால், அதற்கடுத்த பரீட்சை வருவதற்குள் மருத்துவச் சான்று காலாவதியாகிவிடும். மறுபடி போனால் அந்த டாக்டர் தொப்பையைச் சும்மா விடுவாரா? ஆகவே "வருது, வருது"வை விட்டொழித்து, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லக் கடையிலேயே பழக ஆரம்பித்தார்.

"ரெண்டு மட்டன், தயிர்வெங்காயம்" என்றார் தினம் வரும் முத்துச்சாமி.

"ரெண்டு மட்டன், தயிர்வெங்காயம். இன்னும் இருபது நிமிஷம் ஆகும்."

"ஏன் பாய், கடைய இழுத்து மூடப் போறீங்களா?" முத்துச்சாமி எதிர்க்கடைக்கு எழுந்து போனார். சௌகத் அலி அசரவில்லை.

இரண்டாம் பரீட்சை. "ஒரு விமானம் இறங்குகிறது. ரன்வேக்கு முன்னால் நில்." நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கிவிட்டு, சொன்னதைச் சொன்னபடி சொன்னார். அடுத்தது இரைச்சலில் கேட்காதபோது, புரிந்த மாதிரி தலையாட்டாமல், மறுபடி சொல்லச் சொன்னார். பாஸ்!

உடனே காதர் பீவிக்குப் போனைப் போட்டார். "பாஸாயிட்டேன் புள்ள!"

"அல்ஹம்துலில்லாஹ்! இப்ப எங்க இருக்கீங்க?"

"இன்னும் பஸ்ஸே ஏறல. வீட்டுக்கு வர அஞ்சு மணி நேரமாகும்."

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு "இதா, தெருமுனைக்கு வந்துட்டேன்" என்பதைத் தவிர வேறு பதிலை அவள் கேட்டதில்லை.

"என்னங்க," என்றாள் பதறிப்போய், "நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"