வாய் மறைக்கும் அட்டை

கீச்சென்று ஒரு சத்தம். காது மெஷினைக் கழற்றி, அணைக்காமல் உள்ளங்கையில் பொத்தினால் வரும். குருவிக்குஞ்சு ஒன்று கைக்குள் மாட்டிக்கொண்டு கூப்பிடுவது போலிருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அது கேட்டாலும் போதும், எனக்குக் குப்பம்மாள் நினைவு வந்துவிடும்.

விழுப்புரத்தில் ஒரு காது கிளினிக்கில் நான் ஆடியோமெட்ரி டெக்னீஷியன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இதற்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மெஷினைப் பற்றிக் கேட்பார்கள். நான் அட்டையைப் பற்றிச் சொல்வேன். தபால் கார்டு அளவில் ஒரு வெள்ளை அட்டை. நாம் ஒரு வார்த்தை சொல்வோம், எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அட்டையால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாம் சோதிப்பது காதை அல்ல, கண்ணை.

1. திண்டிவனம் கேம்ப்

பள்ளிக்கூட ஹாலில் காது பரிசோதனை. சித்திரை வெயில். கூட்டம் வாசல் தாண்டி நின்றது. பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். சாமுவேல் என்று பெயர் சொன்னார். வல்லம் பக்கத்தில் ஒரு சின்ன சபைக்குப் பாஸ்டர். அம்மா குப்பம்மாள் மட்டும் பழைய பெயரிலேயே, “ஏழுமல, எங்கடா குந்தறது?” என்று ஹாலே திரும்பும்படி கேட்டாள். காது கேட்காதவர்களின் குரலுக்கு அளவு தெரியாது.

“முப்பது வருஷமா காது அவுட்டு சார்” என்றார் பாஸ்டர். “வீட்ல எதுர்ல நின்னு கத்தினா புரிஞ்சிக்கும். சபையில ஒண்ணும் விழாது. ஊருக்கெல்லாம் சுவிசேஷம் சொல்லிக்கினு கீறேன், பெத்தவ காதுல ஒரு வார்த்த போவல.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். அவசியமே இல்லை, அம்மாவுக்குக் கேட்காது.

“எங்கப்பா சுவிசேஷம் கேக்காமயே போயிட்டாரு சார். அப்ப நானே ரட்சிக்கப்படல. கேட்டு விசுவாசிச்சாதான் ரட்சிப்புன்னு பிரசங்கம் பண்றவன் நானு. இவங்களாவது கேக்கணும்.”

டிரையல் மெஷின் ஒன்றை அந்த அம்மாவின் காதில் வைத்தேன். மல்லாட்டை என்றேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். “மல்லாட்ட” என்றாள். கேப்பை, மழைக்காலம், மாட்டுவண்டி. பத்துக்குப் பத்து. பாஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டு அல்லேலூயா என்றார். காது அச்சு எடுத்து, பத்து நாள் கழித்து விழுப்புரம் வரச் சொல்லி அனுப்பினேன்.

அட்டை என் கையில்தான் இருந்தது. அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தேன்.

2. விழுப்புரம், கண்ணாடி அறை

கிளினிக்கில் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து முழு டெஸ்ட் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கிராஃபில் கோடு அடிமட்டத்தில் கிடந்தது, கோடையில் ஏரித் தண்ணீர் கிடப்பது போல. புது மெஷினை மாட்டிவிட்டு, இந்த முறை அட்டையால் வாயை மறைத்து, மல்லாட்டை என்றேன்.

குப்பம்மாள் அட்டையையே பார்த்தாள்.

“மூஞ்சிய மூடிக்கினு பேசினா எவளுக்கு தம்பி தெரியும்? அத்த எடு.”

எடுத்தேன். பத்துக்குப் பத்து.

பாஸ்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். “தப்பு என்னுது பாஸ்டர். அன்னைக்கு அட்ட புடிக்கல. மெஷின் வெச்சா ஹாரன் கேக்கும், கதவு தட்டினா கேக்கும், உங்க கொரலு கேக்கும். வார்த்த பிரியாது. அம்மா வாயப் பாத்துதான் புரிஞ்சிக்கிறாங்க.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் முகத்தில் முதலில் வெளிச்சம்தான் வந்தது. ஓ, பார்த்தே புரிகிறதா! அடுத்த நொடியே அது அணைந்தது. அம்மாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அப்ப சபையில முன்னால குந்திக்கினு, நான் பேசறப்ப ஏம்மா கண்ண மூடிக்கிற? ஜெபம் பண்றன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவள் மெஷினைக் கழற்றிக் கையில் உருட்டினாள். அது கீச்சென்றது.

“மொத நாளு பாத்தன்டா. இத்தக் கேக்காத செத்தவன்லாம் நெருப்புக்குப் போவான்னு சொன்ன. உங்கப்பன் கேக்கலியே. அப்பறம் நான் மட்டும் எதுக்குப் பாக்கணும்?”

அறைக் கதவு திறந்திருந்தது. வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

“காது போனப்ப எல்லாரும் முதுவுல நின்னு கூப்ட்டு, செவுடின்னு சிரிச்சாங்க. அந்தாளு ஒரு நாளு முதுவுல பேசல. கொல்லியில மல்லாட்ட புடுங்கறப்ப என் காலாண்ட ஒரு மண்ணாங்கட்டி வந்து உழும். திரும்பினா வாய அசைச்சிக்கினு நிப்பாரு. அவரு வாயப் பாத்துதான் நான் பேச்சக் கத்துக்கினேன். நீ சொல்றத பாத்து நான் ஒரு எடத்துக்குப் போயி, அவரு வேற எடத்துல கெடந்தா? எனக்கு வாணாம்பா.”

நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். என் மேஜையில் இருந்த ஃபாரத்தில் இரண்டே கட்டம்: கேட்கிறது, கேட்கவில்லை. மண்ணாங்கட்டி எறிந்து மனைவியைக் கூப்பிட்ட அந்த மனிதரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்டருக்குப் பதில் வந்தது. வாய் பார்த்தே பிழைக்கிறவன் நான், கண்டுபிடித்துவிடுவேன். சபையில் நூறு முறை சொல்லிப் பழகிய பதில் உதடு வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குப்பம்மாள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

“மூடாத. என்னப் பாத்து சொல்லு. அந்தாளு எங்கடா?”

“தெரியலம்மா.”

“இன்னா?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு தரம் பார்க்க ஆசை.

“தெரியல. ஏசுவ எனக்குத் தெரியும். அவருக்கு அப்பாவத் தெரியும். அவரு கையில உட்டுட்டேன். அதுக்கு மேல எனக்குத் தெரியலம்மா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நான் சொல்றத நீ பாக்கணும்னு ஆசையா கீது.”

அவள் தன் முந்தானையால் இன்னொரு தரம் அவர் முகத்தைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

இப்போது அந்த அட்டையில் நூல் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். டெஸ்ட் எடுக்கும்போது தூக்க வேண்டும். முடிந்ததும், எதிரில் இருப்பவர் நிஜமாக எதையாவது கேட்டால், முதலில் அதைக் கீழே விட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான்.

அன்று குப்பம்மாள் மெஷினை வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். ஹாரனுக்கு ஆகும் என்று மாட்டிக்கொண்டாள். வாசலில் பாஸ்டர் பைக்கை உதைத்துவிட்டு, முன்பக்கம் பார்த்தபடியே, “பாத்து ஏறும்மா” என்றார். வார்த்தை போயிருக்காது, குரல் போயிற்று. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குரலுக்கு, தெருவைப் பார்த்து நின்றிருந்த அவள் திரும்பினாள். மகனின் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம அந்த மைக்க வாய்க்கு நேரா புடிக்காதடா. தெரியலன்னு சொன்ன பாரு, அத்தயும் சேத்து சொல்லு. கண்ணத் தொறந்துக்கினு குந்தறேன்.”