வீட்டுக்குள் விழாத புள்ளி

எங்க கார்ப்பரேஷன் ஆபீஸ்ல என் பக்கத்து சீட் அக்காவுக்குப் புள்ளியக்கான்னு பேர். அந்தப் பட்டப்பேரை வெச்சது நான்தான், வாய்க்கொழுப்பு. கம்ப்யூட்டர் மேப்ல ஒவ்வொரு வீட்டு மனைக்கும் ஒரு புள்ளி வைக்கிறதுதான் அவங்க வேலை. ஆம்புலன்ஸ் டிரைவரோட போன் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் வழி சொல்லும்.

சதுர மனைன்னா நடுப்புள்ளி போதும், பட்டனை அமுக்கினா சாஃப்ட்வேரே வெச்சுடும். ஆனா எல்லாரும் சதுரமாவா வாங்குறாங்க? சிலது அடுத்தவர் மனையைச் சுத்திக் கொக்கி மாதிரி வளைஞ்சு கிடக்கும். அதுக்கு நடு எடுத்தா, நடு வெளியில போய் விழும். அந்த மாதிரி மனையில, எல்லாச் சுவர்லேர்ந்தும் ரொம்பத் தள்ளி, நல்லா உள்ளே இருக்கிற இடமாத் தேடி வைக்கணும். அக்காவுக்கு அதெல்லாம் தண்ணிபட்ட பாடு.

அப்படிப்பட்டவங்க ஒருநாள், மகளை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர நேரமாச்சுன்னு, ஒரு வார்டு முழுக்க ஒரே பட்டனை அமுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. மறுநாள் சரிபார்த்துக்கலாம்னு நினைச்சது மறந்தே போச்சு. மூணு மாசம் கழிச்சு, ஒரு மத்தியானம், அந்த வார்டுல ஒருத்தருக்கு நெஞ்சுவலி. வளைஞ்ச மனை. புள்ளி பின்வீட்டுக்காரர் மனையில விழுந்திருந்துச்சு, அதுக்கு வாசல் பின்தெருவுல. ஆம்புலன்ஸ் அங்கே போய் நின்னு, விசாரிச்சு, சுத்தி வர்றதுக்குள்ள பதினோரு நிமிஷம். அவர் போயிட்டார்.

விசாரணையில சாஃப்ட்வேர் மேல பழியைப் போட்டு ஃபைலை மூடிட்டாங்க. அக்காவால மூட முடியல. அப்புறம் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்ல. ஒவ்வொரு மனையா பெரிசாக்கிப் பார்த்து, "உள்ளதான் இருக்கு, உள்ளதான் இருக்கு"ன்னு முணுமுணுப்பாங்க. கண்ணை மூடினா அந்த மனைதான்டி வருதுன்னாங்க. மகள் காலை மடக்கிப் படுத்தாக்கூட அதே வடிவம்தானாம், எழுப்பி நேராப் படுக்க வைக்கிறாங்களாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வண்டி பின்தெருவுக்கு வந்தப்போ அவர் உயிரோட இருந்தாரா? அதுக்கு முன்னாடியே போயிருந்தா, புள்ளி எங்கே இருந்திருந்தாலும் ஒண்ணுதானே. அந்த வீட்டுக்கே போய்க் கேட்கப் போறேன்னாங்க. வேண்டாம்னு சண்டையே போட்டேன். கேட்டால்தானே! தனியா அனுப்ப மனசில்லாம நானும் கூடப் போனேன்.

அவரோட மனைவி நாற்காலி போட்டு உட்கார வெச்சாங்க. வீட்டு வரி விஷயமா வந்தீங்களான்னு கேட்டாங்க. அக்கா நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க.

"மேப்ல உங்க வீட்டுப் புள்ளியைத் தப்பா வெச்சது நான்தாங்க. வண்டி பின்னாடி வந்து நின்னப்போ, அவர்…"

அந்தம்மா கோபப்படல. பின்பக்கச் சுவரைக் கையால காட்டினாங்க.

"வண்டிச் சத்தம் எங்களுக்கும் கேட்டுச்சும்மா. பின்தெருவுல யாருக்கோ ரொம்ப முடியல போல, பாவம், முதல்ல அவங்களைப் பார்க்கட்டும்னு அவரே சொன்னார். நானும் சரின்னுட்டு, நம்ம வண்டி வரும்னு உட்கார்ந்திருந்தேன்."